கால் தமனிகளுக்கு எம்.ஆர்.ஐ: எந்தக் கான்ட்ராஸ்ட் மருந்து, ஏன்?

கால் ரத்தக் குழாய்களைப் பார்க்க டாக்டர் எம்.ஆர்.ஐ எழுதிக்கொடுத்தால், சீட்டில் பெரும்பாலும் 'எம்.ஆர். ஆஞ்சியோ, வித் கான்ட்ராஸ்ட்' என்று இருக்கும். அதாவது, குழாய்கள் படத்தில் எடுப்பாகத் தெரிய ஒரு மருந்தை ஏற்றி எடுக்கும் ஸ்கேன். ஸ்கேன் சென்டரில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று கேட்பார்கள், ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், கையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் சிறு குழாய் ஊசி) குத்தி உள்ளே அனுப்புவார்கள். ஏற்றப்போகிற மருந்து என்ன, அதில் வகைகள் உண்டா, ஒன்றைவிட இன்னொன்று மேலா என்றெல்லாம் உட்கார்ந்து விளக்க அங்கே யாருக்கும் நேரமிருப்பதில்லை.

வகைகள் உண்டு. அவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்த்த ஆராய்ச்சிகளும் நிறைய உண்டு. அந்தப் போட்டியில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கால் படத்தை நன்றாகக் காட்டிய மருந்துகளில் ஒன்று சந்தையைவிட்டே போய்விட்டது; இன்னொன்றை ஐரோப்பாவில் கால் படத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அது எப்படி நடந்தது என்று புரிந்தால், இந்த மருந்துகளை எதை வைத்து ஒப்பிட வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

முதலில் நோய். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். நின்றால் சில நிமிஷத்தில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். காலுக்குப் போகிற தமனிகள் குறுகியிருப்பதன் அடையாளம் இது. தசை உழைக்கும்போது கூடுதல் ரத்தம் கேட்கிறது, குறுகிய குழாயால் கொடுக்க முடிவதில்லை. சர்க்கரை நோய், புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று வழக்கமான காரணங்கள்தான். பீடி, சிகரெட் பிடிக்கிற இளம் வயது ஆண்களுக்கு வரும் பர்கர் நோய் தனி ரகம். அது கணுக்காலுக்கும் பாதத்துக்கும் போகும் சிறிய குழாய்களைத்தான் முதலில் பிடிக்கும். முற்றினால் படுத்திருக்கும்போதே வலி, ஆறாத புண், கறுத்துப்போகும் விரல்.

இதைக் கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ தேவையில்லை. டாக்டர் பாதத்தில் நாடி பிடித்துப் பார்ப்பார். கணுக்கால் பி.பி.யைக் கை பி.பி.யால் வகுத்துப் பார்ப்பார், 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். (பல வருஷம் சர்க்கரை இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஏமாற்றும். குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போயிருப்பதால் பட்டையால் அதை அழுத்த முடியாது, எண் 1.4-ஐத் தாண்டிக்கூட வரும். எண் நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுவிடக் கூடாது.) அப்புறம் ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர்.

எம்.ஆர். ஆஞ்சியோ வருவது அடுத்த கட்டத்தில். பலூன் வைத்து விரிப்பதா, பைபாஸ் செய்வதா என்று முடிவெடுக்க அறுவை மருத்துவருக்கு ஒரு வரைபடம் வேண்டும். அடைப்பு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், அதற்குக் கீழே எந்தக் குழாய் இன்னும் திறந்திருக்கிறது? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. பைபாஸ் குழாயின் கீழ் முனையை ஒட்டவைக்கக் கணுக்கால் பக்கத்தில் ஒரு நல்ல குழாய் கிடைக்குமா கிடைக்காதா என்பதில்தான் பல நேரங்களில் காலே தப்புகிறது. அந்தக் குழாய் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் அதிகம்.

இந்த வரைபடத்தைச் சி.டி. ஆஞ்சியோவிலும் எடுக்கலாம். ஆனால் எக்ஸ்ரேயில் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும், அயோடின் மருந்தும் வெள்ளையாகத் தெரியும். சர்க்கரை நோயாளியின் கெண்டைக்காலில் எது சுவர், எது ரத்தம் என்று பிரிப்பது கஷ்டம். எம்.ஆர்.ஐக்குச் சுண்ணாம்பு கண்ணில் படுவதில்லை. ரத்தம் ஓடும் பாதை மட்டும் தெரியும். தொடை வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் பழைய முறை ஆஞ்சியோ இன்றும் உரைகல்தான். ஆனால் அது தமனியைத் துளைத்துச் செய்வது, அயோடினும் தேவைப்படும், கதிர்வீச்சும் உண்டு.

காடோலினியம் என்ன செய்கிறது

எம்.ஆர்.ஐ நம் உடலில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்களிடமிருந்து வரும் சிக்னலைப் படிக்கிறது. ரேடியோ அலையால் அந்த அணுக்களைத் தட்டிவிட்டால், அவை பழைய நிலைக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இந்த நேரத்துக்கு டி1 என்று பெயர். ஆஞ்சியோவில் ஒரு வினாடிக்குள் பல முறை தட்டிக்கொண்டே இருப்பார்கள். சீக்கிரம் திரும்புகிறவை ஒவ்வொரு தட்டுக்கும் பதில் சொல்லும், வெள்ளையாகத் தெரியும். மெதுவாகத் திரும்புகிறவை கறுப்பாக இருக்கும்.

1.5 டெஸ்லா (காந்தத்தின் பலத்தைச் சொல்லும் அலகு) இயந்திரத்தில் ரத்தத்தின் டி1 ஒரு வினாடிக்கு மேல், சுமார் 1,200 மில்லி வினாடி. கொழுப்பினுடையது 260 அளவில். ஆக, மருந்து போடாமல் இந்த முறையில் எடுத்தால் கொழுப்பு வெளுத்து நிற்கும், ரத்தம் இருட்டில் கிடக்கும். நமக்கு வேண்டியது தலைகீழ்.

காடோலினியம் இங்கேதான் உதவுகிறது. அணு எண் 64 கொண்ட இந்த உலோகத்தில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் ஏழு இருக்கின்றன. அதனால் அது பலமான ஒரு சிறு காந்தம். பக்கத்தில் வரும் நீரின் ஹைட்ரஜனை வெகு வேகமாகப் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். ரத்தத்தின் டி1 சடசடவென்று இறங்கும். படத்தில் நாம் பார்க்கும் வெண்மை காடோலினியத்தின் நிறமில்லை. அதன் பக்கத்தில் இருக்கும் நீர் கொடுக்கும் சிக்னல். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க ரேடியாலஜிஸ்ட் மார்ட்டின் பிரின்ஸ், மருந்து தமனியில் ஓடும் அந்தச் சில வினாடிகளுக்குள் முப்பரிமாணப் படம் எடுத்துவிடலாம் என்று காட்டினார். இன்றைய எம்.ஆர். ஆஞ்சியோவின் அடிப்படை அதுதான்.

ஆனால் காடோலினியத்தை வெறுமனே ஊசியில் ஏற்ற முடியாது. அதன் அயனி அளவில் கால்சியம் அயனிக்கு நெருக்கமானது. உடலில் கால்சியம் நுழையும் வாசல்களில் போய் அடைத்துக்கொள்ளும், நச்சு. அதனால் ஒரு கரிம மூலக்கூறுக்குள் அதைப் பூட்டித்தான் தருகிறார்கள். 1988-இல் அங்கீகாரம் பெற்ற மேக்னவிஸ்ட்தான் இந்த வகையில் முதலில் வந்தது. இந்தப் பூட்டில் இரண்டு ரகம். ஒன்றில் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு உலோகத்தைச் சுற்றிக்கொள்கிறது, முனைகள் திறந்தே இருக்கின்றன. இது நேர்கோட்டு வகை. மற்றொன்றில் மூலக்கூறு மூடிய வளையம், உலோகம் நடுவில் சிக்கிக்கொள்கிறது; இது வளைய வகை. மேக்னவிஸ்ட், ஒம்னிஸ்கேன், மல்டிஹேன்ஸ் ஆகியவை முதல் வகை. டோட்டாரெம், காடோவிஸ்ட், புரோஹேன்ஸ் ஆகியவை இரண்டாம் வகை. இந்த வித்தியாசத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கால் ஏன் கடினமான பரீட்சை

மூளையில் கட்டியைப் பார்க்க மருந்து ஏற்றிவிட்டுச் சில நிமிஷம் காத்திருந்து நிதானமாகப் படம் எடுக்கலாம். காலில் அப்படி முடியாது. தொப்புளுக்குச் சற்று மேலிருந்து பாதம் வரை ஒரு மீட்டருக்கும் மேல் நீளம். இயந்திரத்தால் ஒரு நேரத்தில் அரை மீட்டர் அளவுதான் நன்றாகப் பார்க்க முடியும். ஆகவே வயிறு-இடுப்பு, தொடை, கெண்டைக்கால் என்று மூன்றாகப் பிரித்து, மருந்து கீழே இறங்க இறங்க மேஜையை நகர்த்தி ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கிறார்கள்.

தேரோட்டத்தைப் படம் பிடிப்பது மாதிரி. தேர் தெருமுனை திரும்பும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். முந்தினால் வெறும் தெரு, பிந்தினால் பின்னால் வரும் கூட்டம் தேரை மறைத்துவிடும். இங்கே பின்னால் வரும் கூட்டம் சிரைகள். தமனி வழியாகக் கீழே போன மருந்து திசுக்களைத் தாண்டிச் சிரை வழியாக மேலே திரும்பத் தொடங்கியதும், படத்தில் இரண்டும் வெள்ளை. கெண்டைக்காலில் ஒவ்வொரு தமனிக்கும் பக்கத்தில் இரண்டு சிரைகள் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. எது எது என்று பிரிக்க முடியாமல் போய்விடும். பாதத்தில் புண்ணோ சீழோ இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் அதிகமாகி, சிரை இன்னும் சீக்கிரம் நிறையும். யாருக்கு இந்தப் படம் மிகவும் தேவையோ அவர்களுக்குத்தான் அது கெட்டுப்போகிறது. போதாததற்கு, ஒரு காலில் அடைப்பு அதிகமென்றால் அந்தக் காலில் மருந்து மெதுவாக வரும், மறு காலில் வேகமாக.

இதற்குச் சில தந்திரங்கள் உண்டு. தொடையில் பி.பி. பட்டை கட்டி 50 முதல் 60 மி.மீ. அழுத்தம் கொடுத்தால் சிரை நிறைவது தாமதமாகும். கெண்டைக்காலை முதலில் தனி ஊசியில் எடுத்துவிட்டு, பிறகு மேலே போகலாம். சில வினாடிக்கு ஒரு படம் என்று தொடர்ந்து எடுத்து, சிரை நிறைவதற்கு முந்தைய படத்தைப் பொறுக்கிக்கொள்ளலாம். எந்த மருந்தைக் காலுக்கு ஒப்பிட்டாலும் இந்தத் தந்திரங்களில் எதைப் பயன்படுத்தினார்கள் என்று பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. நல்ல டெக்னீஷியன் கையில் சுமாரான மருந்து, அவசரக்காரர் கையில் உயர்ந்த மருந்தைத் தோற்கடித்துவிடும்.

மருந்துகளின் கணக்கு

ஒரு மருந்து டி1-ஐ எவ்வளவு வேகமாக இறக்குகிறது என்பதற்கு ரிலாக்ஸிவிட்டி என்று ஒரு எண் இருக்கிறது. 1.5 டெஸ்லாவில், உடல் வெப்பத்தில், பிளாஸ்மாவில் அளந்தால் டோட்டாரெமுக்கு ஏறக்குறைய 3.6, மேக்னவிஸ்டுக்கு 4.1, காடோவிஸ்டுக்கு 5.2, மல்டிஹேன்ஸுக்கு 6.3. மல்டிஹேன்ஸ் ரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதத்தோடு லேசாக ஒட்டி ஒட்டிப் பிரிவதால் அதற்கு இந்தக் கூடுதல் பலம்.

4.1, 6.3 என்பது பெரிய வித்தியாசமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்கு எளிதுதான்: 1-ஐ, வினாடியில் சொன்ன டி1-ஆல் வகுத்தால் வரும் எண்ணோடு, மருந்தின் அடர்த்தியையும் ரிலாக்ஸிவிட்டியையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். வெறும் ரத்தத்துக்கு 1-ஐ 1.2-ஆல் வகுத்தால் 0.83. கணுக்கால் அருகே ரத்தத்தில் லிட்டருக்கு 1 மில்லிமோல் (வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) மருந்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேக்னவிஸ்ட் என்றால் 0.83 + 4.1 = 4.93, டி1 சுமார் 203 மில்லி வினாடி. மல்டிஹேன்ஸ் என்றால் 0.83 + 6.3 = 7.13, டி1 சுமார் 140. கொழுப்பின் 260-ஐவிட இரண்டுமே குறைவு, எனவே இரண்டிலும் ரத்தம் கொழுப்பைவிட வெள்ளை.

இனி அடைப்பைத் தாண்டிப் பக்கவழிக் குழாய்கள் மூலம் சுற்றி வந்ததில் மருந்து நீர்த்து, லிட்டருக்கு அரை மில்லிமோல்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேக்னவிஸ்ட் 2.88, அதாவது 347 மில்லி வினாடி. மல்டிஹேன்ஸ் 3.98, அதாவது 251. முதலாவது கொழுப்பைவிட மங்கிவிட்டது. இரண்டாவது கொழுப்போடு சமமாக நிற்கிறது. (நடைமுறையில் மருந்துக்கு முன் எடுத்த படத்தைக் கழித்துவிட்டுப் பார்ப்பதால் கொழுப்பு இவ்வளவு தொல்லை தராது. ஆனால் கால் துளி அசைந்தாலும் கழித்தல் சரியாக வராது.) பெரிய குழாய்களில் எல்லா மருந்தும் நன்றாகத்தான் இருக்கும். வித்தியாசம் தலைகாட்டுவது நீர்த்துப்போன, மெலிந்த, கடைசிக் குழாய்களில். அறுவை மருத்துவர் தேடுவதும் அவற்றைத்தான்.

இரண்டாவது, அடர்த்தி. காடோவிஸ்டில் ஒரு மில்லிக்கு 1 மில்லிமோல் காடோலினியம் இருக்கிறது. மேக்னவிஸ்ட், டோட்டாரெம், மல்டிஹேன்ஸ் எல்லாம் அதில் பாதி. வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 0.1 மில்லிமோல். 60 கிலோ எடையுள்ளவருக்கு டோட்டாரெம் 12 மில்லி, காடோவிஸ்ட் 6 மில்லி. உள்ளே போகும் காடோலினியம் இரண்டிலும் ஒன்றுதான். வினாடிக்கு ஒன்றரை மில்லி வேகத்தில் ஏற்றினால் முதலாவது 8 வினாடி ஓடும், இரண்டாவது 4 வினாடியில் தீர்ந்துவிடும். தீர்க்கமான, ஆனால் குட்டையான அலை. மேஜை மூன்று இடம் நகர்வதற்குள் அலை கடந்துவிடலாம். அதனால் காடோவிஸ்டை மெதுவாக ஏற்றுவார்கள், அல்லது சலைனில் கலந்து நீட்டுவார்கள். அப்படிச் செய்தால் அடர்த்தியால் வந்த ஆதாயத்தில் ஒரு பகுதி போய்விடும். 'டபுள் காடோலினியம்' என்று விளம்பரத்தில் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, ரத்தத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது. மேலே சொன்ன மருந்துகள் எல்லாம் சில நிமிஷத்தில் குழாய்க்கு வெளியே கசிந்து திசுக்களுக்குள் பரவிவிடும். பிறகு சிறுநீரகம் வழியாக, சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால்தான் இவ்வளவு அவசரம்.

ஒப்பீடு எப்படிச் செய்கிறார்கள்

அ மருந்தை நூறு பேருக்கும் ஆ மருந்தை வேறு நூறு பேருக்கும் கொடுத்து யார் படம் நன்றாக இருக்கிறது என்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருவர் குழாய் சுத்தம், இன்னொருவர் குழாயில் முழு அடைப்பு. அதனால் ஒரே ஆளை இரண்டு முறை ஸ்கேன் செய்வார்கள். சில நாள் இடைவெளி விட்டு, ஒரு முறை இந்த மருந்து, மறுமுறை அந்த மருந்து. எது முதலில் என்பதைக் குலுக்கலில் தீர்மானிப்பார்கள். படத்தைப் படிக்கும் ரேடியாலஜிஸ்டுக்கு எந்தப் படம் எந்த மருந்து என்று தெரியாது. அவர் காலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் குழாய் எவ்வளவு தெளிவு, பாதிக்கு மேல் அடைப்பு இருக்கிறதா என்று குறிப்பார். குழாய் விட்டு எடுத்த ஆஞ்சியோ இருக்கும் நோயாளிகளில் அதோடு ஒத்துப்பார்ப்பார்கள்.

மேக்னவிஸ்டையும் மல்டிஹேன்ஸையும் கால் தமனிகளில் இப்படிப் பல மருத்துவமனைகளில் ஒரே நோயாளிகளிடம் ஒப்பிட்டார்கள். ஒரே அளவு, கிலோவுக்கு 0.1 மில்லிமோல். மல்டிஹேன்ஸ் படங்கள் தெளிவாக இருந்தன; அடைப்பைச் சரியாகச் சொல்வதிலும் அதுவே முன்னால் நின்றது. நாம் போட்ட கணக்கும் அதே பக்கம்தான் சாய்ந்தது. இந்த ஆய்வு முறையை நான் நம்புகிறேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த வகை ஆய்வுகளில் பலவற்றுக்கு மருந்து நிறுவனங்களே பணம் கொடுக்கின்றன. எந்த மருந்தோடு ஒப்பிடுவது, எந்த அளவில் ஒப்பிடுவது என்பதில் அவர்களுக்கும் விருப்பம் இருக்கும். மேக்னவிஸ்ட் பழைய மருந்து. அதை வெல்வது அவ்வளவு கஷ்டமும் இல்லை.

இன்னொரு வகை மருந்து இந்த அவசரத்தையே ஒழித்துவிடப் பார்த்தது. ஐரோப்பாவில் வாசோவிஸ்ட் என்றும் அமெரிக்காவில் அப்லவார் என்றும் விற்ற காடோஃபாஸ்வெசெட். ஆல்புமினோடு கெட்டியாக ஒட்டிக்கொள்வதால் அது குழாயைவிட்டு எளிதில் வெளியேறாது, ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 16 மணி நேரம் ஆகும். ரிலாக்ஸிவிட்டி மேக்னவிஸ்டைவிட நான்கு மடங்குக்கும் மேல். கிலோவுக்கு 0.03 மில்லிமோல் போதும். மருந்து தமனியில் ஓடும்போது ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு அவசரமில்லாமல் பல நிமிஷம் செலவழித்து நுணுக்கமான இன்னொரு படமும் எடுக்கலாம். சிக்கல் என்னவென்றால், அந்த இரண்டாவது படத்தில் சிரைகளும் முழுசாக நிறைந்திருக்கும். தமனியைச் சிரையிடமிருந்து பிரித்துப் பார்க்கப் படத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பொறுமையாகத் தேட வேண்டும். படம் அழகு, படிப்பது வேலை. மூளைக்கும் வயிற்றுக்கும் வாங்கிவைத்த சாதாரண மருந்தே காலுக்கும் ஓரளவு போதும் என்னும்போது, குழாய்க்கு மட்டும் தனியாக ஒரு விலையுயர்ந்த பாட்டிலை வாங்கிவைக்க ஸ்கேன் சென்டர்கள் தயங்கின. முதலில் ஐரோப்பாவில், சில வருஷம் கழித்து அமெரிக்காவிலும் விற்பனை நின்றது. பாதுகாப்புக் கோளாறு எதனாலும் இல்லை, வாங்க ஆளில்லை.

2006

காடோலினியம் சிறுநீரகத்துக்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை 1990-களில் பலமாக இருந்தது. அயோடின் ஒத்துக்கொள்ளாத சிறுநீரக நோயாளிகளுக்கு எம்.ஆர். ஆஞ்சியோதான் தஞ்சம். அதிலும் கால் படம் தெளிவாக வர வேண்டும் என்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அளவு ஏற்றுவது சாதாரணம். கால் தமனி அடைபட்டவர்களில் நிறையப் பேருக்குச் சர்க்கரையால் சிறுநீரகமும் பழுதாகியிருக்கும் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். அதிக அளவு மருந்தும், அதை வெளியேற்ற முடியாத உடலும் ஒரே ஆளிடம் சேர்ந்தன.

1997 முதல் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்குத் தோல் தடித்து, இறுகி, மூட்டுகளை மடக்க முடியாமல் போகும் புது நோய் ஒன்று கண்ணில் பட்டது. காரணம் தெரியாமலே சில வருஷம் ஓடியது. 2006-இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த தாமஸ் குரோப்னர் என்ற மருத்துவர், காடோலினியம் போட்டு எம்.ஆர். ஆஞ்சியோ எடுத்த சிறுநீரகச் செயலிழப்பு நோயாளிகள் ஒன்பது பேரில் ஐந்து பேருக்குச் சில வாரங்களில் இந்த நோய் வந்ததை எழுதினார். அதே வருஷம் டென்மார்க்கில் 13 நோயாளிகளைப் பற்றிய அறிக்கை வந்தது. அத்தனை பேருக்கும் ஒம்னிஸ்கேன் போட்டிருந்தார்கள். நெஃப்ரோஜெனிக் சிஸ்டமிக் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். தோலோடு நிற்காமல் உள்ளுறுப்புகளையும் பிடிக்கும், உயிரையும் எடுக்கும்.

பூட்டின் இரண்டு ரகங்கள் இங்கே முக்கியமாகிவிட்டன. ஆரோக்கியமான சிறுநீரகம் இருந்தால் மருந்து அன்றைக்கே பெரும்பாலும் வெளியேறிவிடும். பூட்டுத் திறக்க நேரமில்லை. சிறுநீரகம் பழுதானால் நாள்கணக்கில் உள்ளேயே சுற்றும். திறந்த சங்கிலியில் பிடிபட்ட உலோகம் மெல்லக் கழன்று திசுக்களில் படியும். மூடிய வளையத்திலிருந்து கழல்வது மிக மிக அரிது. 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கையை மருந்து அட்டைகளில் போடச் சொன்னது. கிரியேட்டினின் கேட்பதும், சிறுநீரகம் வடிகட்டும் திறன் (ஈ.ஜி.எஃப்.ஆர்) 30-க்குக் கீழே இருந்தால் யோசிப்பதும் வழக்கமாயின. அதன்பிறகு புதிய நோயாளிகள் வருவது ஏறக்குறைய நின்றேபோனது. மருத்துவத்தில் ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து இவ்வளவு சீக்கிரம் அடைத்தது அபூர்வம்.

கதை அதோடு முடியவில்லை. 2014-இல் ஜப்பானியக் குழு ஒன்று, பல முறை காடோலினியம் ஏற்றியவர்களின் மூளையில் குறிப்பிட்ட சில இடங்கள், மருந்து போடாத படத்திலேயே வெளுத்துத் தெரிவதைக் காட்டியது. சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களிடமும் நேர்கோட்டு மருந்துகளின் காடோலினியம் கொஞ்சம் தங்கிவிடுகிறது என்பது தெளிவானது. இதனால் நோய் வருகிறது என்று இதுவரை நிரூபணமாகவில்லை. இருந்தாலும் ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் ஒம்னிஸ்கேனையும், ஆப்டிமார்க் என்ற இன்னொரு நேர்கோட்டு மருந்தையும், ரத்தத்தில் ஏற்றும் மேக்னவிஸ்டையும் நிறுத்திவைத்தது. மல்டிஹேன்ஸை ஈரல் ஸ்கேனுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. கால் தமனிப் போட்டியில் ஜெயித்த மருந்து, அங்கே கால் பக்கமே வர முடியாமல் போனது. அமெரிக்காவில் அதே மல்டிஹேன்ஸ் இன்றும் அடிவயிற்றுத் தமனியிலிருந்து தொடைத் தமனி வரையிலான அடைப்புகளைப் பார்க்க அங்கீகாரத்தோடு இருக்கிறது. தோல் இறுகும் நோயைப் பொறுத்தவரை அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி அதை வளைய மருந்துகளோடு சேர்த்து, ஆபத்து மிகக் குறைந்த குழுவில்தான் வைத்திருக்கிறது. ஒரே தரவுகளை வைத்துக்கொண்டு இரண்டு கண்டங்கள் இரண்டு முடிவு எடுத்திருக்கின்றன. ஐரோப்பா கொஞ்சம் அதிகமாகவே பயந்துவிட்டது என்பது என் எண்ணம். ஆனால் வளைய மருந்தில் சற்று மங்கலான படம் கிடைத்தாலும் வேலை நடக்கும் என்னும்போது, பயந்ததில் பெரிய நஷ்டமும் இல்லை.

படத்தின் தரமும் பூட்டின் பலமும் சேர்ந்து கிடைத்தால்? அந்தப் பக்கம்தான் இப்போது ஓட்டம். காடோபிக்லெனால் என்ற வளைய மருந்துக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் ரிலாக்ஸிவிட்டி 12-க்கு மேல், கிலோவுக்கு 0.05 மில்லிமோல், அதாவது வழக்கத்தில் பாதி காடோலினியம் போதும். அனுமதி கிடைத்தது மூளை, உடல் உறுப்புகளில் உள்ள கோளாறுகளைப் பார்க்க. கால் தமனியில் அது பழைய மருந்துகளை எந்த அளவுக்கு முந்தும் என்பதை இனி நடக்கும் ஒப்பீடுகள் சொல்லட்டும்.

காடோலினியமே வேண்டாம் என்றால் இரும்பு இருக்கிறது. ஃபெருமாக்சிட்டால் என்பது சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு 2009-இல் அமெரிக்காவில் வந்த மருந்து. இரும்பு ஆக்சைடின் நுண்துகள்கள். ரத்தத்தில் பல மணி நேரம் தங்கும். குழாய்களை அருமையாகக் காட்டும். சில பெரிய மருத்துவமனைகள் இதை அங்கீகாரத்துக்கு வெளியே ஆஞ்சியோவுக்குப் பயன்படுத்துகின்றன. கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டதால் 2015-இல் எச்சரிக்கை வந்தது. வேகமாக ஏற்றக் கூடாது, குறைந்தது 15 நிமிஷம் சொட்டு சொட்டாக ஏற்ற வேண்டும். அலை ஓடும்போது படம் பிடிக்கும் முறைக்கு இது சரிவராது.

எந்த மருந்தும் இல்லாமல், ஓடிவரும் புது ரத்தத்தின் சிக்னலை மட்டும் பிரித்தெடுக்கும் முறைகளும் இருக்கின்றன. அவற்றில் காலுக்கென்றே உருவாக்கிய குவிஸ் என்ற முறை நம்பிக்கை தருகிறது. இதயத்துடிப்போடு ஒத்துப்போய் அடுக்கடுக்காகப் படமெடுக்கும். அலையைத் துரத்த வேண்டிய கவலை இல்லை. ஓர் அடுக்கு கெட்டால் அதை மட்டும் மறுபடி எடுக்கலாம். எல்லா சென்டரிலும் இந்த மென்பொருள் இருக்காது. டயாலிசிஸ் நோயாளிக்கு எம்.ஆர். ஆஞ்சியோ எழுதினால், மருந்தில்லாமல் எடுக்க வசதி இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. மருந்து போட்டே ஆக வேண்டும் என்றால் வளைய வகை, குறைந்த அளவு, முடிந்தால் டயாலிசிஸுக்குச் சற்று முன்பாக ஸ்கேன் என்று நேரம் குறித்துக்கொள்வார்கள்.

ஸ்கேனுக்குப் போகிறவர்கள் கவனிக்க இன்னும் ஓரிரு விஷயம். காலில் ஸ்டென்ட் வைத்திருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். எந்த மருந்து போட்டாலும் ஸ்டென்ட் உலோகம் உள்ள இடம் படத்தில் கறுப்பாக விழலாம். தெரியாதவர் படித்தால் முழு அடைப்பு என்று எழுதிவிடலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அயோடின் சி.டி.க்கு அதை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருப்பார்கள். வழக்கமான அளவு காடோலினியத்துக்கு அப்படி நிறுத்தத் தேவையில்லை. உங்கள் டாக்டர் தனியாகச் சொன்னால் ஒழிய. முன்பு எப்போதாவது கான்ட்ராஸ்ட் ஊசியில் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் அந்தப் பழைய ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து, எத்தனை மில்லி என்று அதில் எழுதியிருக்க வாய்ப்புண்டு. அதைப் பார்த்துவிட்டு வேறு மருந்துக்கு மாறுவதா என்று அவர்கள் முடிவெடுப்பார்கள்.